பள்ளிக்கூடமும் கூடாரமும்: டகோட்டா மக்களின் ஜூன் மாதக் கூடுகை

நம் காதுக்குக் கன்வொகேஷன் என்றால் பட்டமளிப்பு விழா. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி, சுருட்டிய சான்றிதழ், ஒரு போட்டோ. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் லகோட்டா, டகோட்டா பழங்குடி மக்களிடம் இதே சொல்லைச் சொன்னால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. ஜூன் மாதம், கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, வட்டமாகக் கூடாரங்கள், பெரிய பாத்திரங்களில் கொதிக்கும் இறைச்சி சூப், எண்ணெயில் பொரித்த ரொட்டி, எங்கே திரும்பினாலும் பிள்ளைகள். எபிஸ்கோப்பல் திருச்சபையின் தெற்கு டகோட்டா திருமண்டலத்தைச் சேர்ந்த பழங்குடிச் சபைகள் 1870களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் ஆண்டுக் கூடுகை இது. பெயர், நையோப்ராரா கன்வொகேஷன்.

எபிஸ்கோப்பல் என்பது தனி மதப்பிரிவு ஒன்றுமில்லை, ஆங்கிலிக்கன் சபைதான். 1776இல் இங்கிலாந்து ராஜாவை உதறிய பிறகு ‘இங்கிலாந்துத் திருச்சபை’ என்ற பெயரோடு அமெரிக்காவில் எப்படி நடமாடுவது? பேராயர்களைக் கொண்ட சபை என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் நம் சி.எஸ்.ஐ.யும் ஓர் உறுப்பு. முறைப்படி பார்த்தால் இவர்கள் நமக்குப் பங்காளிகள். திருமண்டலம், பேராயர், திடப்படுத்தல், ஜெபப் புத்தகம் என்று எதையும் திருநெல்வேலிப் பக்கத்து ஆளுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் என்றாலே வசதியான வெள்ளைக்காரர்களின் சபை என்றுதான் பெயர். தெற்கு டகோட்டாவில் கதை அப்படியில்லை. மாநிலத்தில் ஒன்பது ரிசர்வேஷன்கள், அதாவது பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகள், இருக்கின்றன. திருமண்டலத்தின் சபைகளில் பாதிக்கு மேல் அவற்றில்தான். வெள்ளை அங்கி போட்டு ஆராதனை நடத்துகிறவர்கள் என்பதால் எபிஸ்கோப்பல்காரர்களுக்கு அங்கே ‘ஸ்கா ஊன்’, வெள்ளை உடுத்துகிறவர்கள், என்று பெயர். கத்தோலிக்கப் பாதிரிமார் ‘சாபா ஊன்’, கறுப்பு உடுத்துகிறவர்கள்.

வாலிபர்கள் சர்ச்சுக்கு வருவதில்லை என்று எல்லாத் திருமண்டலமும் கமிட்டி போட்டுப் பேசுகிற காலம் இது. அதனால்தான் இந்தக் கூடுகையை எடுத்துக்கொண்டேன். வாலிபர்களுக்கென்று தொடங்கப்பட்ட நிகழ்ச்சி இல்லை இது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்ந்தது இதற்குள்தான். அது எப்படி என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1862இல் டகோட்டா மக்கள் மின்னசோட்டாவில் இருந்தார்கள். நிலத்தை விற்றதற்குத் தர வேண்டிய பணம் வரவில்லை, கிடங்கில் உணவு இருந்தும் கடனுக்குக் கிடைக்கவில்லை. பசியில் போர் மூண்டது. ஆறு வாரத்தில் முடிந்த அந்தப் போருக்குப் பிறகு ராணுவ நீதிமன்றம் 303 பேருக்குத் தூக்கு விதித்தது. மின்னசோட்டாவின் எபிஸ்கோப்பல் பேராயர் ஹென்றி விப்பிள், நாட்டையே கொள்ளையடித்த அதிகாரிகள்தான் இதற்குக் காரணம் என்று லிங்கனிடம் எடுத்துச் சொன்னார். ஊரே ரத்தம் கேட்டு நின்றபோது அப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும். லிங்கன் வழக்குகளைத் திரும்பப் பார்க்கச் செய்தார். கடைசியில் 1862 டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ ஊரில் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது வேறெப்போதும் இல்லை.

மிச்சமிருந்த பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஒரு பனிக்காலம் முழுக்க அடைத்து வைத்தார்கள். 1863இல் படகில் ஏற்றி க்ரோ க்ரீக் என்ற வறண்ட இடத்துக்கு அனுப்பினார்கள். பட்டினியில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1866இல் அங்கிருந்து நெப்ராஸ்காவில் நையோப்ராரா ஆறு மிசௌரியில் கலக்கிற பக்கம், சான்டிக்கு. சாமுவேல் ஹின்மன் என்ற இளம் குருவானவர் அவர்களோடு கூடவே போனார். சிறையிலும் கோட்டை முகாமிலும்தான் நிறையப் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதைப் பக்தி என்று சொல்வதா, பிழைக்கும் வழி என்று சொல்வதா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னோடு கூட நடந்து வந்தவன் கும்பிடுகிற சாமியை மனுஷன் தானும் கும்பிட்டுப் பார்ப்பது இயல்புதான்.

1873 ஜனவரியில் வில்லியம் ஹோபர்ட் ஹேர் என்பவரை நையோப்ராராவின் மிஷனரிப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். பத்து வருஷத்தில் எல்லைகளை மாற்றி அந்த மிஷனுக்குத் தெற்கு டகோட்டா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆற்றின் பெயர் கூடுகைக்கு மட்டும் தங்கிவிட்டது.

சரி, அந்தக் கூடுகை எப்படி இருந்தது? ஏற்பாட்டின்படி அது ஒரு நிர்வாகக் கூட்டம். சபைகளின் பிரதிநிதிகள் வந்து கணக்குச் சொல்லி, தீர்மானம் போட்டு, கலைந்து போக வேண்டியது. வந்தவர்கள் பிரதிநிதிகள் மட்டும் இல்லை. பாட்டி, குழந்தை, நாய், சட்டி பானை எல்லாம் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக, நாள்கணக்கில் பயணம் செய்து வந்தார்கள். வந்ததும் கூடாரங்களைப் பெரிய வட்டமாகப் போட்டார்கள். நடுவில் கம்பம் நட்டு இலைக் கிளைகள் வேய்ந்த பந்தல். அதற்கடியில் டகோட்டா மொழியில் ஜெபம், பாட்டு, பிரசங்கம். ஆண்கள் ஒரு பக்கம் கூடிப் பேச, பெண்கள் தங்கள் சங்கத்தின் காணிக்கையை ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கொண்டுவந்து வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி வந்து தங்கினார்கள்.

இந்த வட்டத்தை மிஷனரிகள் கண்டுபிடிக்கவில்லை. சர்ச் வருவதற்கு முன்பே டகோட்டா, லகோட்டா மக்களின் வருஷம் இப்படித்தான் ஓடியது. குளிர்காலத்தில் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து கிடப்பார்கள். கோடையில் எல்லாரும் ஓரிடத்தில் வட்டமாகக் கூடாரம் போடுவார்கள். சூரிய நடனம் என்ற வழிபாட்டுச் சடங்கு, கல்யாணப் பேச்சு, தத்தெடுப்பு, பஞ்சாயத்து எல்லாம் அந்த வட்டத்துக்குள் நடக்கும். 1883இல் அமெரிக்க அரசு சூரிய நடனத்தைக் குற்றமாக்கியது. ரிசர்வேஷனை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவும் அரசு ஏஜெண்டிடம் பாஸ் வாங்க வேண்டிய காலம். ஆனால் அமெரிக்க சுதந்திர தினம் கொண்டாடப் போகிறோம் என்றாலோ, சர்ச் கூடுகைக்குப் போகிறோம் என்றாலோ ஏஜெண்ட் என்ன சொல்லித் தடுப்பார்? பழைய கோடைக் கூட்டத்தை இந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் மக்கள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். பைபிளும் ஜெபப் புத்தகமும் புதுசு. வட்டம் பழசு.

இங்கே ஒரு தமிழ்க் கிளைக்கதை சொல்லியே ஆக வேண்டும். டகோட்டா மொழியில் அப்பா ‘ஆத்தே’. அப்பாவின் சகோதரரும் ‘ஆத்தே’தான். அம்மா ‘ஈனா’, அம்மாவின் சகோதரியும் ‘ஈனா’. அம்மாவின் சகோதரருக்கும் அப்பாவின் சகோதரிக்கும் மட்டும் வேறு சொற்கள். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா சித்தி பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்கள். மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் வேறு முறை. இங்கிலீஷ்காரனிடம் ‘கசின்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இதை விளக்கி முடிக்க முடியாது, நமக்கோ விளக்கவே வேண்டியதில்லை. 1871இல் அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், வடஅமெரிக்கப் பழங்குடி மக்களின் உறவுமுறையையும் தமிழ் உறவுமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு பொருந்துகிறதே, இவர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள்தான் என்று கணக்கே போட்டுவிட்டார். அந்தக் கணக்கு கிடக்கட்டும். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மாமன் மகளைக் கட்டுகிற வழக்கம் அவர்களிடம் கிடையாது.

பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் முறை சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கேயும் மரியாதை. இப்போது அந்த வட்டத்துக்குள் ஒரு பதினாலு வயதுப் பெண் நடந்துபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கூடாரம் தாண்டுவதற்குள் மூன்று ‘ஈனா’ அவளைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள், ஒரு ‘ஆத்தே’ தண்ணீர் கொண்டுவரச் சொல்வார், ஒரு பாட்டி தலைமுடியைப் பார்த்து ஏதாவது சொல்வாள். அடுத்த ரிசர்வேஷனில் இருந்து வந்த பையனைப் பார்த்து அவள் சிரித்தால், அவன் யார் வீட்டுப் பிள்ளை, நமக்கு என்ன முறை என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் அசனத்தன்று, அதாவது சர்ச் விருந்தன்று, பந்தியில் நடக்கிற விசாரணையைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. வாலிபர் ஊழியம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இனிதான் கதையின் கசப்பான பாதி. ஜூனில் அந்தப் பந்தலுக்கு அடியில் நின்று ஆசீர்வாதம் கூறிய அதே பேராயர் ஹேர்தான், பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தால்தான் மாற்ற முடியும் என்று நம்பி உறைவிடப் பள்ளிகளைக் கட்டினார். முதலாவது, யாங்டன் என்ற பிரிவினரின் ரிசர்வேஷனை அரசு நிர்வகித்த யாங்டன் ஏஜென்சியில் 1873இல் தொடங்கிய செயின்ட் பால் பள்ளி. அதைத் தொடர்ந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரிசையாகப் பள்ளிகள். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், இங்கிலீஷ் பேச வேண்டும். 1887இல் பழங்குடிப் பள்ளிகளில் தாய்மொழியில் பாடம் நடத்தவே கூடாது என்று அரசு உத்தரவும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் டகோட்டாவில் பாடலாம், திங்கட்கிழமை வகுப்பில் டகோட்டா கூடாது. கோடையில் வட்டத்துக்குள் அத்தனை ‘ஈனா’க்களுக்கு நடுவே சுற்றிய பையன், பள்ளி திறந்ததும் இரும்புக் கட்டில் வரிசையில் தன் வயதுப் பையன்களோடு மட்டும் படுத்திருந்தான்.

ஹேர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் காலத்து நல்ல எண்ணக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. பிள்ளையை மீட்பது என்றால் முதலில் அதை அதன் சொந்தத்திடமிருந்து மீட்பது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட பள்ளிகளில் தன் பங்கு என்ன என்று ஆராய எபிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுப் பேரவை 2022இல் தீர்மானம் போட்டது.

எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு டெலோரியா குடும்பத்தைப் பார்க்கலாம். திப்பி சாபா என்கிற ஃபிலிப் டெலோரியா யாங்டன் மக்களுக்கு மருத்துவராகவும் தலைவராகவும் இருந்த ஒருவரின் மகன். 1870இல் கிறிஸ்தவரானார். 1873 வாக்கில், அவருக்கு இருபது வயது இருக்கும், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் ‘வோஜோ ஒகொலாகிசியே’, நடவுச் சங்கம் என்று சொல்லலாம். மிஷனரிகள் எபிஸ்கோப்பல், பிரெஸ்பிட்டேரியன், கத்தோலிக்கம் என்று ஆளுக்கொரு வேலி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எந்தச் சபைக்காரனும் உள்ளே வரலாம் என்றது இந்தச் சங்கம். அண்ணன் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை வேறு வேறு சர்ச்சுக்குப் போனால் அண்ணன் தம்பி இல்லை என்று ஆகிவிடுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. இந்தச் சபையின் வரலாற்றில் வாலிபர் கூடுகை என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன். பேராயர் அமைத்துக் கொடுத்தது இல்லை, வாலிபர்களே கூடிக்கொண்டது.

ஃபிலிப் 1892இல் குருவானவராகி, ஸ்டான்டிங் ராக் ரிசர்வேஷனில் வக்பாலா ஊரின் செயின்ட் எலிசபெத் சபையில் 1925 வரை ஊழியம் செய்தார். வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. மகள் எல்லா அதே வக்பாலா மிஷன் பள்ளியில் படித்து, வீட்டில் டகோட்டா பேசி வளர்ந்து, பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸோடு சேர்ந்து அந்த மொழியையே ஆவணப்படுத்தினார். அப்பாவின் சபையும் பள்ளியும் வீடும் பக்கத்திலேயே இருந்ததால் அவருக்கு அது வாய்த்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை.

சர்ச் கட்டடம் அங்கே எதற்கெல்லாம் ஆனது என்பதற்கு ஒரு காட்சி. 1890 டிசம்பர் 29, வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுத் தள்ளிய படுகொலை நடந்த நாளின் ராத்திரி. குண்டடிபட்ட லகோட்டா ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வண்டிகளில் ஏற்றிப் பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனில் உள்ள ஹோலி க்ராஸ் எபிஸ்கோப்பல் சர்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பெஞ்சுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தரையில் வைக்கோல் பரப்பி அவர்களைக் கிடத்தினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பச்சைத் தழை அலங்காரம் அப்படியே தொங்கியது. பூமியிலே சமாதானம் என்று எழுதிய தோரணமும் மேலே இருந்தது. அங்கே குருவாக இருந்த சார்லஸ் குக், வைத்தியம் பார்த்த டாக்டர் சார்லஸ் ஈஸ்ட்மன் இரண்டு பேரும் டகோட்டா இனத்தைச் சேர்ந்தவர்களே.

இன்றைக்கும் சர்ச்சை ஒட்டி ஒரு கூடம் இருக்கும், ‘கில்ட் ஹால்’ என்பார்கள். ஊரில் சாவு விழுந்தால் உடல் வருவது பெரும்பாலும் அங்கேதான். ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள், டகோட்டா பாட்டுப் புத்தகத்திலிருந்து பாட்டு மேல் பாட்டாகப் பாடுவார்கள், அடுப்பு அணையாது, வருகிறவர்கள் எல்லாருக்கும் சாப்பாடு. நட்சத்திர வடிவில் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த குவில்ட் போர்வையை உடலுக்குப் போர்த்துவார்கள். தட்டு எடுத்துக் கொடுப்பதும், காப்பி ஊற்றுவதும், குழி தோண்டுவதும் இளவட்டங்கள். கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: ரிசர்வேஷன் பிள்ளைகள் அடிக்கடி கூடுகிற சர்ச் கூடுகை துக்க வீடுதான். 2015இல் பைன் ரிட்ஜில் இளம் பிள்ளைகளின் தற்கொலை அடுத்தடுத்து நடந்து, பழங்குடி அரசு அவசரநிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் அங்கே எத்தனை ராத்திரி அடுப்பு எரிந்திருக்கும்!

குருவானவர்கள் குறைவு, தூரம் அதிகம். ஒருவரே நாலைந்து சபைகளுக்குக் கார் ஓட்டிக்கொண்டு அலைவார். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வராத கிராமச் சர்ச்சுகளை மூடிவிடலாம் என்று திருமண்டலம் முடிவெடுத்தபோதெல்லாம் மக்கள் கொதித்தார்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் வருகைப் பதிவைப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கிற கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார்கள்.

வெளியிலிருந்து வருகிற உதவியும் உண்டு. கோடை வந்தால் மற்ற மாநிலங்களிலிருந்து சர்ச் வாலிபர்கள் வேனில் வந்து இறங்கி, ஒரு வாரம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி, சுவருக்குப் பெயின்ட் அடித்து, குழந்தைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் வருஷா வருஷம் வேறு வேறு அக்கா அண்ணன்கள் வந்து போனால் அந்தக் குழந்தை யாரை முறை சொல்லிக் கூப்பிடும்?

திருமண்டலத்துக்கென்று முகாமும் உண்டு, ப்ளாக் ஹில்ஸ் மலையில் லீட் ஊருக்குப் பக்கத்தில் தண்டர்ஹெட் முகாம். அந்த மலை லகோட்டா மக்களுக்குப் புனிதமானது. ஒப்பந்தத்தை மீறி 1877இல் அரசு எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் பத்துக் கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது, பணம் வேண்டாம் மலை வேண்டும் என்று அவர்கள் இன்று வரை அதைத் தொடவில்லை. அங்கே போய் இயற்கையில் கடவுளைக் காண்போம் என்று முகாம் பாட்டுப் பாடுவதில் உள்ள விநோதம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

தேசிய அளவில் 1982இல் தொடங்கிய எபிஸ்கோப்பல் இளைஞர் மாநாடு இருக்கிறது. ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ளவர்கள் கூடுவார்கள். 2017இல் ஓக்லஹோமாவில் நடந்தபோது, அங்கே 1995இல் நடந்த குண்டுவெடிப்பின் நினைவிடத்துக்கு எல்லாரும் போனார்கள். மேடை, இசை, குழு விவாதம் என்று நன்றாகவே நடக்கிறது. அதன் அடிப்படை வேறு: வயதுவாரியாகப் பிரித்து எடுத்துத் தனியாகச் சேர்ப்பது. உறைவிடப் பள்ளியின் கொடுமை அதில் எள்ளளவும் இல்லை, ஆனால் பிள்ளைகளைப் பிள்ளைகளோடு மட்டும் வைத்தால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை மட்டும் எங்கேயோ ஒரே வேர். கன்வொகேஷன் பிள்ளைகளை முறைவாரியாகச் சேர்க்கிறது. வாலிபர்களுக்குத் தனி அமர்வு உண்டு என்றாலும் சாப்பாட்டு வேளையில் அவர்கள் பேரப்பிள்ளைகள்தான்.

இதை ரொம்பவும் உயர்த்திப் பேசவும் மாட்டேன். அந்தக் காலத்து ஆயிரங்கள் இப்போது வருவதில்லை. வேலை தேடி ராப்பிட் சிட்டிக்கும் சூ ஃபால்ஸுக்கும் போனவர்கள் ஏராளம். 1978இல் பழங்குடி மதச் சுதந்திரச் சட்டம் வந்தது, சூரிய நடனம் வெளிப்படையாகத் திரும்பியது. பாவ்வாவ் எனப்படும் நடனத் திருவிழாக்கள் கோடை முழுக்க நடக்கின்றன. பழைய வட்டத்துக்கு இனிச் சர்ச்சின் போர்வை தேவையில்லை. பாட்டனைப் பள்ளியில் அடைத்த சபை இது என்று சொல்லி விலகிய இளைஞர்கள் இருக்கிறார்கள், ஜூனில் கன்வொகேஷனுக்கும் பிறகு சூரிய நடனத்துக்கும் போகிறவர்களும் இருக்கிறார்கள். சபையும் சும்மா இருக்கவில்லை. 1972இல் சான்டி டகோட்டாவான ஹெரால்ட் ஜோன்ஸ் தெற்கு டகோட்டாவின் உதவிப் பேராயரானார். எபிஸ்கோப்பல் திருச்சபையில் பழங்குடியினத்திலிருந்து பேராயரான முதல் ஆள் அவர்தான். 1994இல் கிரைட்டன் ராபர்ட்சன் திருமண்டலத்தின் முழுப் பேராயராகவே வந்தார். ஆனால் ஹோலி க்ராஸ் சர்ச் தரையில் வைக்கோல் பரப்பிய வருஷத்திலிருந்து அதற்கு எண்பது, நூறு வருஷம் ஆகியிருந்தது.

திடப்படுத்தல் பெறும், அதாவது தன் விசுவாசத்தைத் தானே சபை முன் உறுதிசெய்யும், பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சிலுவை கொடுப்பார்கள், நையோப்ராரா சிலுவை. ஹேர் வடிவமைத்தது. நடுவில் சிலுவை, நாலு மூலையிலும் நாலு டீப்பி கூடாரம், ஒவ்வொரு கூடாரத்தின் உச்சியிலும் ஒரு குட்டிச் சிலுவை, அவர்களுக்கு ஜீவன் உண்டாகும்படி என்ற யோவான் சுவிசேஷச் சொற்கள் கிரேக்க எழுத்தில். பள்ளிக்கூடம் கட்டிய மனிதர் சிலுவையில் பள்ளிக்கூடத்தை வரையவில்லை, கூடாரத்தைத்தான் வரைந்தார். அதைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு பையன் திரும்பும்போது, இவனுடைய அம்மா யார் என்று கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் கை தூக்குவார்கள்.